பால்மரக் காட்டின் தலைவர்

சுனாபட்டியில் தோழர் நால்வரோடு சமைத்துண்பவன் நான். மாதம் பிறந்ததும் சோயா எண்ணெய் வாங்குவோம், விலை மலிவு. நம் நாடு இறக்குமதி செய்யும் அவ்வெண்ணெயில் பெரும்பகுதி அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலேறி வருகிறது. அது எவ்வாறு பிரித்தெடுக்கப்படுகிறது என்பதை வேதியியல் பயிலும் நான் அறிவேன். அதன் பின்னால் ஒரு காடு உண்டு என்பதைச் சிக்கோ மென்டிஸின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

1944 டிசம்பர் 15-இல் பிரேசிலின் மேற்கெல்லையான ஆக்ரி மாநிலத்தில், ஷாப்பூரி என்னும் சிற்றூரருகே பிறந்தார் அவர். வறண்ட வடகிழக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம். தாராவிக்கு வந்த நம் முன்னோரைப் போலத்தான்! ஒன்பது வயதிலேயே ரப்பர் மரம் கீறிப் பாலெடுக்கலானார். முதலாளிகள் பள்ளி வைக்க விடவில்லை. எழுத்தறிந்தால் கடன் கணக்கின் பொய்யை அறிந்துவிடுவார்கள் அன்றோ! காட்டில் மறைந்து வாழ்ந்த அரசியல்வாதி ஒருவர் செய்தித்தாள்களைக் கொண்டு அவருக்கு எழுத்துக் கற்பித்தார். அதற்குள் அவர் இளைஞராகிவிட்டார்.

1970-களில் இராணுவ அரசின் ஆதரவோடு பண்ணையார்கள் வந்தனர். காட்டை எரித்துப் புல் விதைத்தார்கள். இறைச்சிக்கு மாடு வளர்த்தார்கள். சிக்கோவும் தோழர்களும் மனைவி மக்களோடு சென்று மரமறுக்கும் இயந்திரங்களின் முன் நின்றனர். பாலும் கொட்டையும் எடுக்கலாம், மரத்தை வெட்டலாகாது எனும் காப்புக்காடுகளை அவர் கேட்டார். 1987-இல் அமெரிக்கா சென்று, காட்டுச் சாலைக்குக் கடன் தந்த வங்கியாரிடமே வாதிட்டார். அவ்வாண்டே ஐ.நா. விருதும் கிடைத்தது.

விருது காவல் நிற்குமா? 1988 டிசம்பர் 22 மாலை, குளிக்கப் பின்கதவைத் திறந்தார், துப்பாக்கி வெடித்தது. காவலர் இருவர் வீட்டுக்குள்தான் இருந்தனர். வயது 44. பண்ணையார் ஒருவரும் அவர் மகனும் 1990-இல் தண்டிக்கப்பட்டனர்.

சோயா பின்னர் வந்தது. மேய்ச்சல் நிலத்தைச் சோயா பிடிக்க, மாடுகள் மேலும் காட்டுக்குள் தள்ளப்பட்டன. அவரையை ஆட்டினால் ஐந்தில் நான்கு பங்கு பிண்ணாக்கு. அது சீனத்துப் பன்றிக்கும் ஐரோப்பியக் கோழிக்கும் தீவனம். மிச்ச எண்ணெய் நம் வாணலிக்கு. புலால் உண்ணாதவன் என்ற என் இறுமாப்பு அன்றோடு போயிற்று.

1990-இல் அவர் பெயரால் ஏறத்தாழ 9.7 லட்சம் ஹெக்டேர் காப்புக்காடு அமைந்தது. அதனுள்ளும் மாடுகள் புகுந்துவிட்டன.

இம்மாதம் கடலை எண்ணெய் வாங்கலாமா என்று அறையில் வாக்கெடுத்தோம். மூவர் விலையைக் காட்டி மறுத்தனர்.