ரொக்பெல்லர் சேர்த்த காசும் கொடுத்த காசும்

வோபர்ன் பக்கம் கார் ஓட்டுகிற எங்கட சனத்துக்கு எஸ்ஸோ பெற்றோல் நிலையம் புதிதல்ல. அந்தப் பெயர், ஸ்டாண்டர்ட் ஒயில் என்ற கம்பனியின் எஸ், ஓ என்ற இரண்டு முதல் எழுத்துகளில் இருந்து வந்தது. அதை 1870இல் கிளீவ்லாந்தில் தொடங்கியவர் ஜோன் டி. ரொக்பெல்லர். ஒன்ராறியோவில் பிறந்த இம்பீரியல் ஒயிலும் 1898இல் அவருடைய கம்பனியின் கைக்குப் போனது.

1839இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர். தகப்பன் ஊர் ஊராக மருந்து விற்றுத் திரிந்தவர். தாய் கண்டிப்பான பப்டிஸ்ட் கிறிஸ்தவர். 16 வயதில் கணக்கு எழுதும் வேலைக்குப் போன மகன், அந்தச் சின்னச் சம்பளத்திலும் தேவாலயத்துக்குக் கொடுத்தார். கொடுத்த ஒவ்வொரு சதத்தையும் கொப்பியில் எழுதி வைத்தார்.

மின்சாரம் வராத காலம் அது. வீட்டு விளக்கு மண்ணெண்ணெயில்தான் எரிந்தது. ரயில் கம்பனிகளிடம் இரகசியக் கழிவு வாங்கி, 1872இல் கிளீவ்லாந்தின் 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22ஐ வாங்கிப்போட்டார். 1880 அளவில் அமெரிக்கச் சுத்திகரிப்பில் பத்தில் ஒன்பது பங்கு அவர் கையில். 1911இல் உச்ச நீதிமன்றம் கம்பனியை 34 துண்டாக உடைத்தது.

அதே கை கல்விக்கும் அள்ளிக் கொடுத்தது. அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்கள் படித்த பாடசாலையைத் தாங்கினார். அது 1884இல் அவருடைய மனைவி குடும்பத்தின் பெயரால் ஸ்பெல்மன் ஆனது. சிக்காகோ பல்கலைக்கழகத்துக்கு முதலில் 6 லட்சம் டொலர், கடைசியில் ஏறக்குறைய மூன்றரைக் கோடி.

1905இல் பொஸ்டனில் இருந்த அமெரிக்க மிஷன் சபைக்கு ஒரு லட்சம் டொலர் கொடுத்தார். வட்டுக்கோட்டை செமினரியையும் உடுவில் மகளிர் பாடசாலையையும் தொடங்கிய அதே சபைதான். கறைபட்ட காசு வேண்டாம் என்று வாஷிங்டன் கிளாடன் என்ற போதகர் எதிர்த்தார். கொடுத்தவரைப் பற்றிப் பிறகு வாய் திறக்க முடியாது என்பது அவருடைய பயம். விசாரித்தால், சபைதான் போய்க் கேட்டிருக்கிறது. காசு திரும்பிப் போகவில்லை.

1914இல், அவர் பெரும் பங்கு வைத்திருந்த கொலராடோ நிலக்கரிக் கம்பனியின் வேலைநிறுத்தத்தில் தொழிலாளரின் கூடாரங்கள் எரிந்தன. 11 பிள்ளைகள் மூச்சுமுட்டிச் செத்தார்கள். இரண்டு வருஷத்தில் அவருடைய அறக்கட்டளை, இலங்கைத் தோட்டங்களில் எங்கட மலையகத் தமிழரின் கொக்கிப்புழு நோய்க்கு வைத்தியம் செய்ய வந்தது. இரண்டும் ஒரே மனிதரின் காசு. 1937இல், 97 வயதில் இறந்தார்.

இது பழங்கதை இல்லை. ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் டொலர் சேர்ந்தபோது, சிறுகச் சிறுகக் கொடுத்தவர்கள் கனபேர். அடுத்த வேலைக்கு ஒரே பெரிய முதலாளியைத் தேடுவது சுகம். கொடுத்தவருக்கு நன்றி சொல்வோம், பெயர்ப்பலகையும் வைப்போம். ஆனால் அவருடைய கடையில் நிற்கிற பிள்ளைக்கு ஒழுங்கான சம்பளம் கிடைக்குதா என்று கேட்கிற வாயை அந்தப் பலகைக்கு விற்கக்கூடாது.