நிலா வெளிச்சத்தில் ஒரு பள்ளிக்கூடம்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டார். காந்தி, காமராசர், விஸ்வேஸ்வரய்யா, எடிசன் என்று எல்லாரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு விட்டார்கள். எனக்குக் கிடைத்தவர் கோரா வில்சன் ஸ்டூவர்ட். நம்மில் பலர் கேள்விப்படாத பெயர். ஆனால் ஒரு காலத்தில் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த பெயர்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், என்னைப் பற்றி ஒரு வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதியோர் உதவித்தொகை பேங்கில் ஏறியதும் போனில் மெசேஜ் வரும். அதைப் படித்துச் சொல்வது என் வேலை. போன வருஷம் ஒரு நாள், கிரிக்கெட் ஆடக் கிளம்பிய அவசரத்தில், போனைப் பார்க்காமலேயே பணம் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். பணம் வந்திருந்தது. அது தெரியாமல் எட்டு நாள் பிரஷர் மாத்திரை வாங்காமலே இருந்திருக்கிறார் அந்தக் கிழவி! விஷயம் தெரிந்தபோதும் என்னைத் திட்டவில்லை. எனக்கு வேலை இருந்திருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிவிட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, வாருங்கள், கென்டக்கி மலைப்பக்கம் போவோம்.

ஓட்டு வாங்கிய டீச்சர்

கோரா பிறந்தது 1875-ல். அப்பா வைத்தியர், அம்மா ஆசிரியை. வளர்ந்த இடம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிழக்கு மலைப்பகுதியில் உள்ள ரோவன் கவுண்டி. கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி, ஆனால் சின்னது. அதன் தலைநகர் மோர்ஹெட். அந்த ஊருக்கு அன்று நல்ல பெயர் இல்லை. கோரா சிறுமியாக இருந்த காலத்தில், 1884 முதல் 1887 வரை, இரண்டு கோஷ்டிகள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டதில் சுமார் 20 பேர் செத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ரோவன் என்றாலே அடிதடிதான் ஞாபகம் வரும்.

அப்படிப்பட்ட ஊரில் 20 வயதில் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தார் கோரா. ஒரே அறைதான் பள்ளிக்கூடம். எல்லா வகுப்புக்கும் ஒரே டீச்சர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம்ம ஊரில் கல்வி அதிகாரியை அரசாங்கம் நியமிக்கிறது. அங்கே அன்று கவுண்டி பள்ளிக் கண்காணிப்பாளர் பதவிக்குத் தேர்தலில் நின்று ஓட்டு வாங்க வேண்டும். 1901-ல் கோரா நின்றார், ஜெயித்தார். ரோவனில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை என்று அரசியல் சட்டம் திருத்தப்பட்டது 1920-ல்தான். யோசித்துப் பாருங்கள், ஜனாதிபதிக்கு ஓட்டுப்போட உரிமை இல்லாத ஒரு பெண், ஆண்களிடம் ஓட்டுக் கேட்டு ஜெயித்திருக்கிறார்!

1909-ல் மறுபடியும் அதே பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு நடுவில் அவருடைய சொந்த வாழ்க்கை நொறுங்கிப் போயிருந்தது. 1907-ல் பிறந்த ஒரே மகன் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டான். கணவர் குடிகாரர். 1910-ல் அந்தத் திருமண உறவும் முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். கோரா ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்தார்.

மூன்று பேர்

அந்த ஆபீஸுக்கு ஒரு தாய் வருவார். மகள் தூரத்தில், சிகாகோ நகரத்தில் இருந்தாள். அவளிடமிருந்து கடிதம் வந்தால் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வருவார். கோரா படித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பார். திடீரென்று அந்த அம்மாவைக் கொஞ்ச நாளாகக் காணோம். பிறகு ஒருநாள் சிரித்த முகத்தோடு வந்தார். கையில் கடிதம். ஆனால் இந்தத் தடவை அவரே படித்துவிட்டார், பதிலும் அவரே எழுதிவிட்டார்! ஓடையில் வெள்ளம் வந்தால் இந்தப் பக்கம் வர முடியாது, மகளின் கடிதம் நாள் கணக்கில் பிரிக்காமலே கிடக்கும். அந்த வேதனை தாங்காமல் வீட்டிலேயே உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டாராம்.

இரண்டாவது, ஒரு நடுத்தர வயது ஆள். ஆபீஸில் இருந்த புத்தகங்களை எடுத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். வேண்டுமானால் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போகலாமே என்றார் கோரா. அந்த மனிதரின் கண்ணில் தண்ணீர். தனக்குப் படிக்கத் தெரியாது என்றும், படிக்கத் தெரிந்தால் தன் ஆயுளில் 20 வருஷத்தைக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னாராம்.

மூன்றாவது, பாட்டுக் கட்டும் ஒரு வாலிபன். பள்ளி விழாவில் அருமையாகப் பாடினான். சொந்தப் பாட்டு. நிறையக் கட்டியிருக்கிறான், ஆனால் எழுதி வைக்கத் தெரியாததால் பலவற்றை மறந்தே போய்விட்டான்.

மூன்று பேருமே கோராவின் பொறுப்பில் வராதவர்கள். அவருடைய பதவி குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களுக்குத்தான். பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுக்கும்படி எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லை. எந்தப் பணமும் ஒதுக்கப்படவில்லை. ஆனால் அவர் வேறு விதமாகப் பார்த்தார். பள்ளிக்கூடம் இருக்கிறது, ராத்திரியில் பூட்டிக் கிடக்கிறது. டீச்சர்கள் இருக்கிறார்கள். படிக்க ஆசையுள்ள ஜனம் இருக்கிறது. பகலில் அந்த ஜனத்துக்கு வேலை. ராத்திரியில் வரலாம் என்றால் விளக்கு இல்லாத மலைப்பாதை, பாலமில்லாத ஓடை. என்ன செய்வது?

நிலா இருக்கிறதே!

1911 செப்டம்பர் 5

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், நிலா வெளிச்சம் பாதை காட்டும் ராத்திரிகளில் பள்ளியைத் திறப்பது என்று முடிவாயிற்று. அதனால்தான் நிலவொளிப் பள்ளி என்று பெயர். கவுண்டியின் ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். பகலெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டு, ராத்திரி சம்பளமில்லாமல் மறுபடியும் பாடம் நடத்த ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பர் 4 தொழிலாளர் தின விடுமுறை. அன்று அந்த ஆசிரியர்கள் வீடு வீடாக நடந்து அழைப்புச் சொன்னார்கள்.

மறுநாள் ராத்திரி சுமார் 150 பேர் வருவார்கள் என்று கோரா கணக்குப் போட்டிருந்தார். வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 1,200 பேர்! 18 வயது வாலிபனிலிருந்து 86 வயதுக் கிழவர் வரை. கைக்குழந்தையோடு வந்தவர்கள், ஊன்றுகோலோடு வந்தவர்கள்... மலைச்சரிவெல்லாம் ஜனம்.

பாடம் எப்படி நடந்தது என்பதுதான் டிப்ளமோ படிக்கும் நமக்கு ரொம்பச் சுவாரசியம். முதல் பாடம் சொந்தப் பெயர். கைநாட்டை விட்டு கையெழுத்துக்கு வர வேண்டும் அல்லவா? கலப்பை பிடித்து மரத்துப்போன விரலுக்கு பென்சில் வசப்படாது. அதற்காக, எழுத்துக்கள் பள்ளமாக அமைந்த அட்டை கொடுத்தார்கள். அந்தப் பள்ளத்துக்குள்ளேயே பென்சிலை ஓட்டி ஓட்டிப் பழக வேண்டும். நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால் அது ஒரு ஜிக்! டூல் வழி தவறாமல் இருக்க நாம் செய்வதை, அவர் விரல் வழி தவறாமல் இருக்கச் செய்திருக்கிறார்.

அடுத்தது படிப்பு. குழந்தைகளின் அரிச்சுவடியை நீட்டினால் பெரியவர்கள் கூசிப்போவார்கள். ஆகவே அவர்களுக்கென்றே ஒரு சின்ன வாரப் பத்திரிகை போட்டார். சின்னச் சின்ன வாக்கியம். சொன்ன வார்த்தையே திரும்பத் திரும்ப வரும். ஆனால் எல்லாம் உள்ளூர்ச் சமாச்சாரம். பத்திரிகை படிக்கிறேன் என்று ஒரு கிழவர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். பின்னால் 1915-லிருந்து பெரியவர்களுக்கான பாட புத்தகங்களையும் எழுதினார். ரோடு, விவசாயம், வரி, ஓட்டு, உடல்நலம் என்று பாடத்திலேயே வாழ்க்கை வரும்.

பட்டியல்

இரண்டாம் வருஷம், 1912-ல், சுமார் 1,600 பேர் சேர்ந்தார்கள். அத்தோடு திருப்திப்பட்டிருக்கலாம். படம் எடுத்துக்கொண்டு, மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கோரா வந்தவர்களை விட்டுவிட்டு வராதவர்களை எண்ண ஆரம்பித்தார்!

1913-ல், கவுண்டியில் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒவ்வொருவரின் பெயரையும் எடுக்கச் சொன்னார். 1,152 பேர். வெறும் பெயர் இல்லை. என்ன வயது, வீட்டு நிலைமை என்ன, எந்தச் சபை, எந்தக் கட்சி, எது பிடிக்கும், எதில் பலவீனம், யார் சொன்னால் கேட்பார் என்பது வரைக்கும் குறிப்பு. பள்ளிக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் கொடுத்த கணக்குப்படி கடைசியில் மிச்சம் 23 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் பார்வைக் குறை, நோய், மனவளர்ச்சிக் குறை உள்ளவர்கள். எவ்வளவு கெஞ்சியும் மாட்டேன் என்றவர்கள் நாலே பேர்தான்.

இந்தக் கணக்கை அவரே சொன்னது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. பெயரெழுதத் தெரிந்தால் போதுமா, சில வாரத்தில் ஒருவர் எவ்வளவு படித்துவிட முடியும் என்று அந்தக் காலக் கல்வி நிபுணர்களே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் கேள்வி கேட்டது பகலில், மேஜைக்குப் பின்னால். இவர் பாடம் நடத்தியது ராத்திரியில், மலைமேல்.

ஏற்றமும் இறக்கமும்

1911-ல் கென்டக்கி கல்விச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1914-ல் மாநில அரசு ஒரு எழுத்தறிவின்மை ஒழிப்பு ஆணையம் அமைத்தது. கோராதான் தலைவர். ஆணையம் வந்தது, ஆனால் பணம் வரவில்லை! ஊர் ஊராகப் பேசி, நன்கொடை திரட்டி நடத்தினார். முதல் உலகப் போர் வந்தபோது, கையெழுத்துப் போடத் தெரியாமல் படையில் சேர்ந்த சிப்பாய்களுக்கென்று தனிப் பாட புத்தகம் எழுதினார். நிலவொளிப் பள்ளிகள் வேறு பல மாநிலங்களுக்கும் பரவின.

1920-க்குள் கென்டக்கியில் எழுத்தறியாதவரே இருக்கக் கூடாது என்பது அவர் வைத்த குறி. நடந்ததா? இல்லை. 1910 கணக்கெடுப்பில் 2 லட்சத்துக்கும் மேல் இருந்தவர்கள் 1920-ல் ஒன்றரை லட்சத்துக்கும் மேலாகக் குறைந்திருந்தார்கள், அவ்வளவுதான். அதே 1920-ல் மாநில அரசு ஆணையத்தை மூடிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே வருஷம் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில், ஜனாதிபதி வேட்பாளர் தேர்வில் கோராவுக்கு ஒரு ஓட்டு விழுந்தது!

அவர் சோர்ந்துவிடவில்லை. 1929-ல் ஜனாதிபதி ஹூவர் அமைத்த தேசிய எழுத்தறிவின்மை ஆலோசனைக் குழுவில் செயற்குழுத் தலைவராக இருந்தார். அதுவும் அரசுப் பணமில்லாத குழுதான். 1930-களில் முதியோர் கல்வி சம்பளம் வாங்கும் நிபுணர்களின் கைக்கு மாறியது. கோரா மெல்ல மெல்ல மறக்கப்பட்டார். வயதான காலத்தில் கண்பார்வையும் போயிற்று. ஆயிரக்கணக்கானவர்களை எழுத்தைப் பார்க்க வைத்தவரால் கடைசியில் ஒரு எழுத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. 1958 டிசம்பரில், வட கரோலினா மாநிலத்தில் காலமானார்.

நமக்கென்ன?

இதில் நமக்கென்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கு இருந்தது, நண்பர்களே.

கடிதம் படித்துச் சொல்வது உதவிதான். கோராவும் வருஷக்கணக்கில் அந்த உதவியைச் செய்தவர்தான். ஆனால் நமக்கு நேரமிருந்தால்தான் அந்த உதவி கிடைக்கும். நமக்கு மேட்ச் இருந்தால் கிடைக்காது. அந்த மலைத் தாய்க்கு நடுவில் நின்றது ஓடை. என் அப்பத்தாவுக்கு நடுவில் நின்றது நான்! இது புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன செமஸ்டர் லீவில், தடித்த அட்டையை எடுத்து, டிராயிங் ஷீட்டில் எழுத்து வரைந்து ஒட்டி, பிளேடால் பள்ளம் வெட்டினேன். முதல் நாள் அப்பத்தா சிரித்தார். சாகப்போற காலத்தில் எதற்கடா இது என்று கேட்டார். இரண்டாம் நாள் நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் பெயரில் நாலு எழுத்து. மூன்று வந்துவிட்டது. நாலாவதில் கொம்பு இருக்கிறது, அது கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. பேங்க் மெசேஜில் எந்த எண் பாக்கி, எந்த எண் வரவு என்று இப்போது அவரே விரலை வைத்துக் காட்டுகிறார். நான் சொல்வது சரிதானா என்று சோதித்தும் பார்க்கிறார். சோதிக்கட்டும், அந்த உரிமை அவருக்கு உண்டு.

நம் ஒவ்வொருவர் வீட்டிலும், தெருவிலும், நம்ம ஹாஸ்டல் சமையற்கட்டிலும்கூட கைநாட்டு வைப்பவர் ஒருவராவது இருப்பார். ஆணையம் வேண்டாம், நன்கொடை வேண்டாம். ஒரு அட்டை, ஒரு பென்சில், பொழுது சாய்ந்தபின் அரை மணி நேரம் போதும். நிலாவைத் தேட வேண்டியதுமில்லை. நமக்குத்தான் டியூப்லைட் இருக்கிறதே!

வரும் லீவில் ஆளுக்கு ஒருவர். செய்வோமா?



மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை