வழிகாட்டி டென்சிங்

சென்ற பூசை விடுமுறையில் நம் சங்கத்து நண்பர்கள் ஆறு பேர் சந்தக்பூவுக்கு நடந்து சென்று வந்தோம். அங்கே எடுத்த நிழற்படம் ஒன்று, லேக் கார்டன்சில் நான் குடியிருக்கும் அறையின் சுவரை அலங்கரிக்கிறது. ஆறு பேரும் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறோம். பின்னால் கஞ்சன்சங்கா வெள்ளிக் கோட்டைபோல் எழுந்து நிற்கிறது. ஒருநாள் அறைக்கு வந்த வீட்டுக்கார அம்மையார், நான் மாஷீமா என்று அழைப்பவர், அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். உங்களை மலைக்கு அழைத்துச் சென்றவர் இதில் யார் என்று கேட்டார். விடை சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. அவர் படத்தில் இல்லை. படத்தை எடுத்தவரே அவர்தாம்!

நண்பர்களே, அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. அதன் பிறகுதான், வழிகாட்டியாக வாழ்ந்து உலகப் புகழ் பெற்ற ஒருவரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவர்தாம் டென்சிங் நார்கே. எவரெஸ்டின் உச்சியில் ஹில்லரியுடன் நின்றவர் என்று பள்ளிப் பாடத்திலேயே அவரை நாம் அறிவோம். ஆனால், அந்த உச்சியில் நிற்பதற்கு முன்னும் பின்னும் அவர் பட்டதும் செய்ததும் என்ன? அதைச் சொல்லவே இக்கட்டுரை.

எவரெஸ்டுக்குக் கிழக்கே, திபெத்து நாட்டுக் கர்த்தாப் பள்ளத்தாக்கில் 1914ஆம் ஆண்டு அவர் பிறந்தார் என்பர். தந்தை யாக் எருமை மேய்ப்பவர். பிள்ளைகளோ பதின்மூவர்! அவர்களுள் பதினொன்றாமவர் இவர். பெற்றோர் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. ரோங்புக் மடத்துத் தலைமை லாமா சொன்னபடி பெயர் டென்சிங் நார்கே என்று மாறியது. பிறந்த மாதமும் நாளும் எழுதி வைக்கப்படவில்லை. எவரெஸ்டில் நின்ற மே 29ஆம் நாளையே பிற்காலத்தில் தம் பிறந்த நாளாகக் கொண்டாடினார். பள்ளிக்கூடத்தை அவர் அறியார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், பல மொழிகளைப் பேசக் கற்றுக்கொண்டார்.

இளமையிலேயே வீட்டை விட்டு ஓடிக் காட்மாண்டு கண்டார். 1932இல் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். ஏன் டார்ஜிலிங்? அந்நாளில் எவரெஸ்டு ஏற வரும் வெள்ளையர் அனைவரும் சுமை தூக்குவோரை அங்கேதான் திரட்டினர். நேபாளத்தின் வாயில் அந்நியருக்கு அடைத்துக் கிடந்தது. திபெத்து வழியே வடபுறத்திலிருந்துதான் ஏற முடியும். ஷெர்ப்பா இளைஞர்கள் வேலை தேடி எல்லை கடந்து டார்ஜிலிங்குக்கு வந்தார்கள், நம் ஊர்க்காரர்கள் வேலை தேடிக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்தது போலவே. வந்த புதிதில் டென்சிங் மாடு மேய்த்தார், பால் விற்றார். 1933இல் எவரெஸ்டுக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது அவரை எடுக்கவில்லை. தலைமுடியை வெட்டிப் புத்துடை அணிந்து நின்ற அவரைப் பார்த்து, ஷெர்ப்பா அல்லர் என்று தள்ளிவிட்டார்கள்! புலம்பெயர்ந்தவன் உருவம் மாறினால் ஒரு துன்பம். மாறாவிட்டால் மற்றொரு துன்பம். இதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1935இல் எரிக் ஷிப்டன் ஆள் சேர்க்க வந்தார். டென்சிங்கிடம் முன்னனுபவச் சான்றிதழ் இல்லை. ஆயினும் அவருடைய மலர்ந்த சிரிப்பைக் கண்டு ஷிப்டன் அவரைச் சேர்த்துக்கொண்டார். கூலி நாளொன்றுக்குப் பன்னிரண்டு அணா. பனிக்கோட்டுக்கு மேலே சென்றால் ஒரு ரூபாய். அந்தக் கூலிக்கு உயிரும் பணயம். 1922ஆம் ஆண்டு எவரெஸ்டின் வடபுறத்தில் பனிச்சரிவு ஒன்று ஏழு சுமைதாரர்களைக் கொன்றது. மலோரியின் பெயரை உலகம் அறியும். அந்த எழுவரின் பெயர்களை நம்மில் யார் அறிவோம்?

1936, 1938 ஆண்டுகளிலும் டென்சிங் எவரெஸ்டுக்குச் சென்றார். 1938இல் மிக உயரமான முகாம்வரை சுமை கொண்டு சேர்த்ததற்காக அவருக்குப் புலி என்னும் பட்டம் கிடைத்தது. பிறகு உலகப்போர் வந்தது. மலையேற்றம் நின்றது. டென்சிங் சித்ராலில் ஓர் ஆங்கில அதிகாரியிடம் வேலை பார்த்தார். அங்கே 1944இல் மனைவி தவா புட்டி இறந்துபோனார். பெம் பெம், நீமா என்னும் இரு சிறு பெண்களையும் அழைத்துக்கொண்டு டார்ஜிலிங் திரும்பினார். பின்னர் ஆங் லாமுவை மணந்தார். வருவாய் குன்றியிருந்த அந்நாளில் அவ்வம்மையாரின் உழைப்பே குடும்பத்தைத் தாங்கியது.

1947இல் சுவிஸ் நாட்டார் கார்வால் மலைகளுக்கு வந்தார்கள். வழியில் தலைமை ஷெர்ப்பா காயமுற, அப்பொறுப்பு டென்சிங்கிடம் வந்தது. சுமைதாரர் அனைவருக்கும் தலைவரான அப்பதவியைச் சர்தார் என்பர். அவ்வாண்டு கேதார்நாத் கொடுமுடியில் அவர்களோடு அவரும் ஏறினார். இங்கேதான் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. சுவிஸ்காரர்கள் அவரை வேலையாளாக மட்டும் நடத்தவில்லை, தோழராக நடத்தினார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. ஆல்ப்ஸ் மலைநாட்டில் வழிகாட்டி என்பவர் மதிப்புக்குரிய தொழிலாளர். பிரான்சின் ஷாமோனி ஊரில் 1821ஆம் ஆண்டிலேயே வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கம் கண்டுவிட்டார்கள். அங்கே பனிக்காலத்தில் மக்கள் காலில் பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, மலைக்குடில் ஒன்றிலிருந்து அடுத்த குடிலுக்கு நாள்தோறும் செல்கிறார்கள். ஷாமோனியிலிருந்து செர்மாட் வரை செல்லும் பெருவழி இவற்றுள் புகழ் மிக்கது. பனிப்பிளவு எங்கே மறைந்திருக்கிறது, சரிவு எப்போது இடிந்து விழும் என்பதை வழிகாட்டி அறிவார். அவர் திரும்பச் சொன்னால், பணம் கொடுத்து வந்த செல்வரும் மறுபேச்சின்றித் திரும்புவார். உயிர் அவர் கையில் இருக்க, மதிப்பு மட்டும் வேறெங்கே இருக்க முடியும்?

அத்தகைய வழிகாட்டி ஒருவர்தாம் ஜெனீவாவின் ரெய்மாண்ட் லாம்பேர். 1938இல் ஆல்ப்ஸ் மலைப் புயலில் சிக்கிக் கால் விரல்களையெல்லாம் இழந்தவர். 1952 வசந்தத்தில் சுவிஸ் குழு எவரெஸ்டுக்கு வந்தபோது அவரும் டென்சிங்கும் இணைபிரியா நண்பர்கள் ஆனார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குச் சரிவரத் தெரியாது! மே 27ஆம் நாள் இரவு, ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில், இருவரும் ஒரு கூடாரத்தில் தங்கினர். உறங்கு பை இல்லை, அடுப்பு இல்லை. மெழுகுவத்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கிக் குடித்தார்கள். உறங்கினால் உறைந்துவிடுவோம் என்று அஞ்சி, ஒருவரை ஒருவர் தட்டித் தேய்த்து விடியும்வரை காத்திருந்தார்கள். மறுநாள் ஏறத்தாழ 8,600 மீட்டர்வரை ஏறித் திரும்பினார்கள். அதுவரை எவரும் எவரெஸ்டில் அவ்வளவு உயரம் ஏறி மீண்டதாகச் சான்றில்லை.

1953இல் ஜான் ஹண்ட் தலைமையில் பிரிட்டிஷ் குழு வந்தது. டென்சிங் சர்தாராகவும், ஏறும் உறுப்பினருள் ஒருவராகவும் சேர்க்கப்பட்டார். எவரெஸ்டுக்கு அது அவருடைய ஏழாம் பயணம். தொடக்கமே கசந்தது. காட்மாண்டுவில் குழுவினர் தூதரக மாளிகையில் தங்க, ஷெர்ப்பாக்களுக்கு வண்டிக் கொட்டகை ஒதுக்கப்பட்டது. கழிப்பிடமும் இல்லை. ஷெர்ப்பாக்கள் கொதித்தனர். இரு சாராருக்கும் இடையே நின்ற டென்சிங், தம்மவரின் மானமும் காக்க வேண்டும், பயணமும் நடக்க வேண்டும் என்று பாடுபட்டார்.

மலையில் அந்த வேற்றுமை கரைந்தது. பனியருவியில் ஹில்லரி காலடி சரிந்து பிளவுக்குள் விழுந்தபோது, பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கி அவரைத் தாங்கியவர் டென்சிங். மே 28ஆம் நாள் இரவை இருவரும் ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் கழித்தார்கள். ஹில்லரி கழற்றி வைத்த காலணிகள் விடிவதற்குள் கல்லாய் உறைந்துவிட்டன. அவற்றை அடுப்பில் காட்டி இளக்கிய பிறகே புறப்பட முடிந்தது. மே 29, முற்பகல் 11.30 மணி. இருவரும் உச்சியில் நின்றார்கள்!

அங்கே டென்சிங் தம் பனிக்கோடரியில் நான்கு கொடிகளை ஏந்தினார்: ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா. இந்தியக் கொடியை அவருக்குக் கொடுத்தனுப்பியவர் டார்ஜிலிங்கில் வாழ்ந்த வங்க நண்பர் இரவீந்திரநாத் மித்ரா. கழுத்தில் இருந்த சிவப்புத் துணி, லாம்பேர் அன்போடு அளித்தது. மகள் நீமா தந்த சிறு பென்சிலையும் கொஞ்சம் இனிப்பையும் பனியில் புதைத்து வணங்கினார். உச்சியில் எடுத்த புகழ்பெற்ற படத்தில் டென்சிங் மட்டுமே இருக்கிறார். ஏனெனில், படம் எடுத்தவர் ஹில்லரி. ஹில்லரியின் படம் அங்கே எடுக்கப்படவே இல்லை.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். உலகின் மிக உயர்ந்த இடத்தில், வழிகாட்டியைப் படத்தில் நிறுத்திவிட்டு மற்றவர் கருவிக்குப் பின்னால் நின்றார். எங்கள் படமோ நேர்மாறானது!

இறங்கி வந்ததும் பூசல் தொடங்கியது. முதலில் கால் வைத்தவர் யார்? டென்சிங் எந்த நாட்டவர்? ஒவ்வொரு கட்சியும் அவரைத் தன் பக்கம் இழுத்தது. அவர் நேபாளத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. தம்மை வளர்த்த இந்தியாவையும் மறக்கவில்லை. இலண்டன் செல்ல இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தது. நேரு தம் உடைகளையே எடுத்துக் கொடுத்து அனுப்பினார். ஹண்டுக்கும் ஹில்லரிக்கும் சர் பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். 1955இல் வெளிவந்த தன் வரலாற்றில், முதலடி வைத்தவர் ஹில்லரியே என்று டென்சிங் தாமே சொன்னார். தாம் முதலில் ஏறியதாகவே கோடிக்கணக்கானோர் நம்ப விரும்பிய காலத்தில் அவர் இதைச் சொன்னார். எவரெஸ்டு ஏறுவதைவிட இது எளிதா, நண்பர்களே?

புகழ் பெற்றபின் அவர் என்ன செய்தார்? 1954 நவம்பர் 4ஆம் நாள் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பெற்றது. நேருவும் வங்க முதலமைச்சர் பி. சி. ராயும் அதில் ஆர்வம் காட்டினார்கள். அவ்வாண்டு டென்சிங் சுவிஸ் நாடு சென்று, அர்னால்டு கிளாட்ஹார்டிடம் ஆல்ப்ஸ் வழிகாட்டிகளின் பயிற்சி முறையைக் கற்றார். எவரெஸ்டு வென்றவர் மீண்டும் மாணவர் ஆனார்! பின்பு களப் பயிற்சி இயக்குநராக 1976வரை பணியாற்றினார். 1975இல் பூடானுக்குள் அனுமதிக்கப்பெற்ற முதல் அமெரிக்கச் சுற்றுலாக் குழுவுக்கு வழிகாட்டியாய்ச் சென்றார். 1978இல் மலைநடைப் பயண நிறுவனம் ஒன்றும் தொடங்கினார். 1986 மே 9ஆம் நாள் டார்ஜிலிங்கில் மறைந்தார். கூலியாய்த் தொடங்கி, ஆசானாய் உயர்ந்து, மீண்டும் வழிகாட்டியாய் நடந்து முடிந்தது அந்த வாழ்வு.

இனி என் கதைக்கு வருகிறேன். சந்தக்பூ வழியும் குடிலுக்குக் குடில் செல்லும் வழிதான். மானேபஞ்சனில் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு புறப்பட வேண்டும். அவரின்றிச் செல்ல விதி இடம் தராது. தும்லிங்கில் ஓரிரவு, காலாபோக்ரியில் ஓரிரவு, பிறகு 3,636 மீட்டர் உயரச் சந்தக்பூ. மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம் அது. காற்றழுத்தம் அங்கே கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்களவே. அறிவியல் படிக்கும் எனக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆனால், கடைசி ஏற்றத்தில் தலை வெடிக்கும்போல் வலித்து, வாந்தியும் எடுத்து, ஒரு பாறையில் சாய்ந்தபோது கணக்கு கைகொடுக்கவில்லை. வழிகாட்டிதான் கைகொடுத்தார். என் பையைத் தம் பைமேல் ஏற்றிக்கொண்டார். என் மூச்சுக்கு ஏற்பத் தம் நடையைக் குறைத்துக்கொண்டார். அன்றிரவு நாங்கள் அடுப்பைச் சுற்றி அமர்ந்து கிச்சடி உண்டோம். அவர் சமையற்கட்டில் தனியே உண்டார். அழைக்க வேண்டும் என்று எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்து சங்கக் கூட்டத்தில் நான் பேசினேன். என் சுமையை நானே சுமந்து சந்தக்பூவை வென்றேன் என்று முழங்கினேன். நீங்கள் கைதட்டினீர்கள். அது பொய். முதலடி வைத்தவர் ஹில்லரி என்று சொன்ன அந்தப் பெருமகனின் வரலாற்றைப் படித்த பிறகும் இதை மறைத்து வைப்பது முறையன்று. ஆகவே இங்கே எழுதிவிட்டேன்.

சென்ற வாரம் அந்த வழிகாட்டியுடன் தொலைபேசியில் பேசினேன். இம்முறை தாஜு என்று அழைத்தேன். நேபாள மொழியில் அண்ணன் என்று பொருள். வரும் பனிக்காலத்தில் பாலூட் வரை போகலாம், வழியில் பனி இருக்கும், கம்பளி மிகுதியாகக் கொண்டு வா என்றார். சங்கத்து நண்பர்கள் யார் வேண்டுமானாலும் உடன் வரலாம். ஆனால் மூன்று செய்திகளை இப்போதே முடிவு செய்துகொள்வோம்: கூலியைப் பேரம் பேசிக் குறைக்க மாட்டோம், அவரும் நம்மோடு அமர்ந்து உண்பார், படம் எடுக்கும் கருவியை நம்முள் ஒருவர் வாங்கிக்கொண்டு, அவரை நடுவில் நிற்க வைப்போம்.