ஐம்பதை ஒட்டிய வயதில் சகோதரிச் சங்கத்தில் சேர்ந்த மேரி டெரல் அம்மையார்

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகள் கூடி அமைத்துக்கொள்ளும் சகோதரிச் சங்கங்கள் உண்டு. கிரேக்க எழுத்துக்களில் பெயர், ரகசியச் சடங்கு, உறுதிமொழி எல்லாம் இருக்கும். படிக்கும் காலத்தில்தான் அதில் சேர்வது வழக்கம். பட்டம் பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அப்படி ஒரு சங்கத்தில் சேர்ந்தவர் மேரி சர்ச் டெரல்.

1863-ல் டென்னசி மாநிலம் மெம்பிஸ் நகரில் பிறந்தார். தாயும் தந்தையும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். தந்தை ராபர்ட் சர்ச் நிலம், வீடு வாங்கிப் பெருஞ் செல்வரானார். மகளை ஓஹையோவில் ஓபர்லின் கல்லூரிக்கு அனுப்பினார். பெண்களுக்கென்று இருந்த சுருக்கப் படிப்பை விட்டு, ஆண்கள் படிக்கும் நான்காண்டுப் படிப்பையே மேரி எடுத்து 1884-ல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் ரகசியச் சங்கங்களுக்குத் தடை. எனவே இலக்கியக் கழகத்தோடு சரி.

பின்பு ஆசிரியப் பணி, ஐரோப்பியப் பயணம். 1891-ல் வழக்கறிஞர் ராபர்ட் டெரலை மணந்ததும் வேலையை விடவேண்டி வந்தது. வாஷிங்டனில் மணமான பெண் ஆசிரியையாக இருக்கக்கூடாது என்பது அன்றைய விதி. மறு ஆண்டே பால்ய நண்பர் தாமஸ் மாஸை மெம்பிஸில் வெள்ளையர் கும்பல் கொன்றது. கடை வைத்து நன்றாக வியாபாரம் செய்ததுதான் அவர் குற்றம். பிறந்த குழந்தைகள் மூன்று அடுத்தடுத்து இறந்த துயரமும் இவருக்கு உண்டு. இத்தனைக்கும் நடுவே 1896-ல் தேசியக் கறுப்பினப் பெண்கள் சங்கத்தின் முதல் தலைவியானார். 1904-ல் பெர்லின் மகளிர் மாநாட்டில் ஜெர்மன் மொழியிலேயே பேசி அவையை வியக்க வைத்தார்.

1913 ஜனவரியில் வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டா என்ற சங்கத்தைத் தொடங்கினர். முன்பே ஒரு சங்கத்தில் இருந்தவர்கள்தாம். விருந்தும் சடங்கும் போதாது, பொதுப்பணியில் இறங்கவேண்டும் என்று பிரிந்து வந்தார்கள். அவர்களுடைய முதல் பொது வேலை, மார்ச் 3-ல் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலம். தென் மாநிலத்தார் கோபிப்பார்களே என்று கறுப்பினப் பெண்களைத் தனியே பின்னால் நிறுத்தும் பேச்சும் அங்கே அடிபட்டது. கூட்டம் ஊர்வலத்தை நெருக்கித் தள்ளியபோது போலீசார் வேடிக்கை பார்த்தனர். அந்த இளம் பெண்களோடு ஐம்பதை நெருங்கிய டெரல் அம்மையாரும் நடந்தார். கௌரவ உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1914-ல் சங்கத்தின் உறுதிமொழியை எழுதித் தந்ததும் அவரே. நம் ஊர்ச் சங்கங்களில் கௌரவ உறுப்பினர் என்றால் மாலை, பொன்னாடை, ஒரு புகைப்படம். இவர் வேலை செய்தார்! பின்னாளில் கறுப்பினச் சகோதரிச் சங்கங்களில் பட்டதாரிகளுக்கென்றே கிளைகள் ஏற்பட்டன. கல்லூரியை விட்ட பிறகும் பெண்கள் அவற்றில் சேரலாம்.

வரவேற்காத சங்கமும் ஒன்று இருந்தது. பல்கலைக்கழகப் பெண்கள் சங்கத்தின் வாஷிங்டன் கிளையில் முன்பு உறுப்பினராக இருந்தவர், 1946-ல் மீண்டும் சேர மனுக் கொடுத்தார். பட்டம் இருந்தது, எம்.ஏ.யும் இருந்தது. நிறம் ஒன்றுதான் தடை. கிளை மறுத்துவிட்டது. தேசியச் சங்கம் இவர் பக்கம் நின்றது; கிளையோ கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது. உடனே 1949 மாநாட்டில் சங்க விதியையே திருத்தி, பட்டம் ஒன்றே தகுதி என்றாக்கினர். அம்மையார் உள்ளே வந்தார். பொறுக்காத பலர் வெளியேறித் தனிச் சங்கம் கண்டனர்.

அதோடும் ஓயவில்லை. 1950-ல் வாஷிங்டன் தாம்சன் ஓட்டலில் இவருக்கும் தோழர்களுக்கும் சாப்பாடு தர மறுத்தார்கள். உணவு விடுதிகளில் நிறபேதம் கூடாதென்று 1872, 1873-ல் செய்த சட்டங்கள், ரத்தாகாமலே மறந்து கிடந்தன. அவற்றை வைத்து வழக்கு நடந்தது. வழக்கு நடக்கும்போதே கடைகளின் வாசலில் தடியூன்றி மறியல் செய்தார். 1953 ஜூன் 8-ல் சுப்ரீம் கோர்ட் 1873-ம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்றது. அப்போது அவருக்கு வயது 89.

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாதென்று 1954 மே மாதம் வந்த தீர்ப்பையும் கண்டார். அவ்வாண்டு ஜூலை 24-ல் மேரிலாந்து மாநிலம் அனாபலிஸில் காலமானார்.