தென் வானத்தை எழுதிய லக்காய்

பிரான்சு தேசத்து ரூமிஞி என்னும் சிற்றூரில் 1713-ம் ஆண்டு பிறந்தவர் நிக்கோலா லூயி தெ லக்காய். பாரீஸ் நகரில் படித்துவந்த காலத்தில் தகப்பனார் இறந்துபோனார், கையில் காசில்லை. போர்போன் பிரபு மனமிரங்கிச் செலவை ஏற்றுக்கொள்ள, வேதசாஸ்திரம் கற்று தியாக்கோன் பட்டமும் பெற்றார். அத்தோடு நின்றுவிட்டார். வான சாஸ்திரம் அவர் மனதைக் கவர்ந்துகொண்டது. குருப்பட்டம் வாங்காமற்போனாரே என்று எம்போன்றோர்க்குச் சற்று வருத்தந்தான். ஆனாலும் அவர் செய்த வேலையைப் பார்த்தால் குறைகூற வாய் வருவதில்லை.

பிறகு மசாரீன் கல்லூரியில் கணித ஆசிரியரானார். அக்காலத்தில் வட வானத்து நட்சத்திரங்களுக்கு நல்ல படங்கள் இருந்தன. தென் வானமோ பெரும்பாலும் வெறுமையாய்க் கிடந்தது. ஆங்கிலேயரான ஹாலி 1677-ல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து 341 நட்சத்திரங்களைக் குறித்திருந்தார், அவ்வளவே. நடுக்கடலில் மாலுமிக்கு வழிகாட்டி நட்சத்திரமல்லவா? இக்குறையைத் தீர்க்க லக்காய் 1750-ல் கப்பலேறி, 1751 ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் டச்சுக்காரர் வசமிருந்த நன்னம்பிக்கை முனையை அடைந்தார்.

அங்கே அவர் கைக்கொண்ட கருவியைக் கேட்டால் வியப்பாயிருக்கும். அரை அங்குல அகலமே உள்ள கண்ணாடி வைத்த சிறு தூரதிருஷ்டிக் குழாய். அதை ஒரே நிலையில் அசையாமல் நிறுத்தி, கண்ணருகே சாய்சதுரச் சட்டமொன்றைப் பொருத்தினார். பூமி சுழலுவதால் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாய் அச்சட்டத்துக்குள் நுழைந்து வெளியேறும். நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் கடிகாரம் பார்த்து எழுதினால், அது வானில் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். இப்படி நூற்றுக்கு மேற்பட்ட இரவுகள் தன்னந்தனியே கண்விழித்து, ஓராண்டுக்குள் ஏறத்தாழ 10,000 நட்சத்திரங்களைக் குறித்தார்.

வெற்றிடமாய்க் கிடந்த பகுதிகளில் 14 புதிய நட்சத்திரக் கூட்டங்களை அமைத்தார். அரசர் பெயரையோ தம் பெயரையோ அவற்றுக்கு இடவில்லை. உளி, கவராயம், மூலமட்டம், உலை, கடிகாரம் என்று கைவேலைக்காரரின் கருவிகளையும் கல்விக் கருவிகளையுமே வானத்தில் ஏற்றினார். தாம் உழைத்த இடத்துக்கு மேலே நின்ற மேசை மலைக்கும் ஓரிடம் தந்தார்.

அந்த மலையே அவருக்கு ஒரு சங்கடமும் செய்தது. பூமியின் வடிவத்தை அறிய அவர் அங்கே நிலத்தையும் அளந்தார். தென்பாதியின் வடிவம் வடபாதியினின்று வேறுபட்டிருக்கிறது என்று கணக்கு வந்தது. நம்பமுடியாத முடிவுதான், எனினும் கண்டதைக் கண்டபடியே வெளியிட்டார். நம் நாட்டு நில அளவையிலிருந்த எவரெஸ்ட் 1820-ல் அங்கே சென்றபோதுதான் காரணத்தை ஊகித்தார். கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு போன்றதே லக்காயின் கருவியிலும் தொங்கியது. பக்கத்து மலைகளின் ஈர்ப்பினால் அதன் நூல் சற்றே சாய்ந்திருந்தது! 1840-களில் மக்ளியர் என்பவர் மறுபடி அளந்து அதை உறுதிசெய்தார்.

1754-ல் லக்காய் பாரீசுக்குத் திரும்பினார். ஊரார் புகழ்ச்சி பிடிக்காமல் கல்லூரி அறைக்குள்ளேயே ஒடுங்கி, இரவும் பகலும் கணக்குப் போட்டார். ஓயாத உழைப்பால் உடல் தளர்ந்து, 1762 மார்ச் 21-ம் நாள் காலமானார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. தென் வானப் படத்தோடுகூடிய அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. அதில் 1,942 நட்சத்திரங்களுக்கே இடம் கணக்கிட்டிருந்தார். மற்றவை அவர் எழுதிவைத்த குறிப்புகளிலேயே கிடந்து, 1847-ல்தான் இங்கிலாந்தில் முழுப் பட்டியலாக அச்சேறின.