தம்பி அனுப்பிய பணம்



பாரீஸ் நகரில் 1835-இல் தொடங்கப்பட்ட இரும்பு வார்ப்படச் சாலை ஒன்று இருந்தது. நம்ம ஃபவுண்டரி ஷாப்பைப் பல மடங்கு பெரிதாக்கி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2018-இல் அந்தக் கட்டடத்தை ஓவியக் கூடமாக மாற்றித் திறந்தார்கள். ஆணி அடித்து மாட்டிய படம் ஒன்றுகூட அங்கே கிடையாது. 140 புரொஜெக்டர்கள்! சுவர், தரை, தூண் எல்லாவற்றின் மேலும் ஓவியம் ஒளியாகப் பாய்கிறது. 2019-இல் அங்கே காட்டப்பட்டவை வின்சென்ட் வான்கோ என்ற டச்சு ஓவியரின் படங்கள். இதே பாணியில் பல நாடுகளில் காட்சிகள் நடந்தன. 2023-இல் இந்தியாவுக்கும் வந்தன.

அப்படியொரு கூடத்தில் நானும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூட வந்த எலக்ட்ரானிக்ஸ் நண்பன் ஓவியத்தைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து புரொஜெக்டர்களை எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு படங்கள் சேரும் ஓரத்தில் இரண்டின் வெளிச்சத்தையும் படிப்படியாகக் குறைத்து, கோடு தெரியாமல் ஒட்டுகிறார்கள் என்று எனக்குப் பாடம் நடத்தினான். எனக்கு வேறு யோசனை. சுவர் முழுக்கச் சுழன்ற அந்த ‘நட்சத்திர இரவு’ ஓவியத்தின் அசல் நியூயார்க்கில் இருக்கிறது. உயரம் 74 செ.மீ., அகலம் 92 செ.மீ. ஏறக்குறைய நம்ம டிராயிங் போர்டு அளவுதான்! அந்தச் சின்னத் துணியில் இவ்வளவையும் வரைந்த மனுஷன் யார்? அவருக்குச் சோறு போட்டது யார்? அன்றைய காட்சியில் இதற்கெல்லாம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வின்சென்ட் 1853 மார்ச் 30-ஆம் நாள் நெதர்லாந்தில் சுண்டர்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். 16 வயதில் ஓவியம் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஹேக், லண்டன், பாரீஸ் கிளைகளில் வேலை பார்த்தார். 1876-இல் வேலை போயிற்று. இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்தார், நிலைக்கவில்லை. புத்தகக் கடைக்குப் போனார், அதுவும் நிலைக்கவில்லை. பாதிரியார் ஆகலாமென்று ஆம்ஸ்டர்டாமில் படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டார். பெல்ஜியத்தின் பொரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கு ஊழியம் செய்யப் போனார். தன் துணிமணிகளைக்கூட சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கொடுத்துவிட்டுக் குடிசையில் படுத்துக் கிடந்தார். ஊழியக்காரருக்கு இது கௌரவம் இல்லையென்று 1879-இல் மேலிடம் அவரைத் தொடர விடவில்லை.

நம்ம பாஷையில் சொன்னால் எல்லாப் பேப்பரிலும் அரியர்ஸ்!

1880-இல், 27 வயதில், ஓவியனாவது என்று முடிவெடுத்தார். அதே ஓவியக் கடை நிறுவனத்தின் பாரீஸ் கிளையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய தம்பி தியோ. அண்ணனைவிட நான்கு வயது இளையவர். செலவுக்கு நான் அனுப்புகிறேன், நீ வரை என்று பொறுப்பேற்றுக்கொண்டார். அடுத்த பத்தாண்டுகள் அந்தப் பணம் வந்துகொண்டே இருந்தது. வாடகை, ரொட்டி, பெயின்ட் டியூப், கான்வாஸ் எல்லாம் அதிலிருந்துதான்.

இந்த இடத்தில் என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஐ.டி.ஐ. முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன். என் தம்பி பத்தாவதோடு நின்று லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். என் செமஸ்டர் ஃபீஸ் அவன் சம்பளம். அண்ணன் தம்பிக்குச் செய்வது ஊரில் வழக்கம். தம்பியிடம் அண்ணன் கை நீட்டுவது எப்படி இருக்குமென்று நீட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். வின்சென்ட்டுக்கும் தெரிந்திருக்கிறது. 1884-இல் அவர் தம்பியிடம் ஓர் ஏற்பாடு கேட்டார். இனிமேல் நீ அனுப்புவது தர்மம் அல்ல, கூலி. அதற்கு ஈடாக என் படங்கள் உனக்குச் சொந்தம் என்றார். விலை போகாத படங்கள்! ஆனாலும் வேலை செய்துதான் பணம் வாங்கினார்.

சும்மா இருக்கவில்லை, நண்பர்களே. 1882-இல் ஹேக் நகரில், தச்சரிடமும் கொல்லரிடமும் சொல்லி ஒரு கருவி செய்து வாங்கினார். மரச் சட்டத்துக்குள் கயிறு கட்டி, அதன் வழியே பார்த்துப் பெர்ஸ்பெக்டிவ் பழகினார். நாம் டிராயிங் ஹாலில் முனகிக்கொண்டே செய்வதை அவர் யாரும் சொல்லாமல் செய்தார். 1885-இல் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ வந்தது. 1886-இல் பாரீஸுக்குப் போய்த் தம்பி வீட்டிலேயே தங்கினார். மாடலுக்குக் கொடுக்கக் காசில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார்.

1888-இல் தெற்கே ஆர்ல் என்ற ஊருக்குப் போனார். புகழ்பெற்ற சூரியகாந்திப் படங்கள் அங்கே பிறந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 23 இரவு, உடன் தங்கியிருந்த ஓவியர் கோகனோடு சண்டை. புத்தி பேதலித்துத் தன் காதையே அறுத்துக்கொண்டார். 1889 மே மாதம் தானாகவே செயின்ட் ரெமி மனநல விடுதியில் சேர்ந்தார். அந்த விடுதி ஜன்னல் காட்டிய வானம்தான் ‘நட்சத்திர இரவு’. பைத்தியம்தான் அவரை வரைய வைத்தது என்று பலர் பேசுகிறார்கள். நான் அதை நம்பவில்லை. நோய் முற்றிய நாட்களில் அவரால் தூரிகை பிடிக்க முடியவில்லை. தெளிந்த நாட்களில் உழைத்தார். ஓராண்டில் சுமார் 150 ஓவியங்கள்!

1890-இல் ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ என்ற ஓவியத்தை ஆனா போஷ் என்ற பெண் ஓவியர் 400 பிராங்குக்கு வாங்கினார். அதே ஆண்டு ஜூலை 27 அன்று, பாரீஸுக்கு அருகே ஓவேர் என்ற ஊரில் வின்சென்ட் துப்பாக்கிக் குண்டுக் காயத்தோடு அறைக்குத் திரும்பினார். தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. 29-ஆம் நாள், தம்பி பக்கத்தில் இருக்க, உயிர் பிரிந்தது. வயது 37. ஆறு மாதம் கழித்து, 1891 ஜனவரி 25 அன்று தியோவும் போய்ச் சேர்ந்தார். வயது 33.

கதை இங்கே முடிந்திருந்தால் புரொஜெக்டரில் போட ஒன்றுமே இருந்திருக்காது. தியோவின் மனைவி ஜோஹன்னாவுக்கு அப்போது வயது 28. கையில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை. வீடு நிறைய யாரும் கேட்காத படங்கள். அந்தப் பெண் புசும் என்ற ஊரில் ஆட்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டுப் பிழைத்தார். படங்களை அந்த வீட்டுச் சுவர்களில் மாட்டினார். ஊர் ஊராகக் கண்காட்சிக்கு அனுப்பினார். 1905-இல் ஆம்ஸ்டர்டாமில் 470-க்கும் மேற்பட்ட படைப்புகளை ஒரே இடத்தில் வைத்தார். 1914-இல் அண்ணன் தம்பிக்கு எழுதிய கடிதங்களைப் புத்தகமாக்கினார். கணவரின் உடல் எச்சங்களையும் அதே ஆண்டு ஓவேருக்குக் கொண்டுவந்து, அண்ணன் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்.

அந்தக் குழந்தை என்ன ஆனான் தெரியுமா? பெரியப்பா பெயரான வின்சென்ட்டையே வைத்து வளர்ந்தான். டெல்ஃப்ட்டில் மெக்கானிக்கல் படித்து இஞ்சினீயர் ஆனான்! ஆம், நம்ம ஆள். குடும்பத்துப் படங்களைச் சில்லறையாக விற்றுக் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். அவரோ 1962-இல் அரசோடு ஒப்பந்தம் செய்து, படங்கள் சிதறாமல் இருக்க வழி செய்தார். 1973-இல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகம் திறந்தது.

நண்பர்களே! நம் மார்க் ஷீட்டில் நம் பெயர் ஒன்றுதான் அச்சாகும். பின்னால் யாரோ ஒருவர் பட்டறையில், வயலில், பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பணத்துக்கு வின்சென்ட் என்ன கொடுத்தார்? வேலையைக் கொடுத்தார், தவறாமல். நாமும் கொடுப்போம். முதல் சம்பளம் வந்ததும் முதலில் யாருக்கு மணியார்டர் போக வேண்டுமென்று உங்களுக்கே தெரியும்.