சுவாமி சகஜானந்தர்

ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் வருங்காலை, இனிச் செய்யப்போவதைக் கூறி வாக்குக் கேட்கும் அபேட்சகர் பலர். இதுகாறும் யாது செய்தீர் என அவர்களை வினவும் வாக்காளர் மிகச் சிலர். இவ்வினாவைக் கேட்கத் தூண்டும் வாழ்க்கை ஒன்று நம் கண்முன் உளது. ரிஷிவந்தியமும் சிதம்பரமும் ஒரே தென்னார்க்காடு ஜில்லாவில் அடங்கியிருந்த நாளில், அந்த ஜில்லாவில் தொண்டாற்றிய சுவாமி சகஜானந்தரின் வாழ்க்கையே அது.

1890-ஆம் ஆண்டு, ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் ஆதிதிராவிடக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இயற்பெயர் முனுசாமி. திண்டிவனத்துக் கிறிஸ்தவப் பள்ளியொன்றில் பயின்றார். மதம் மாற அவர் இசையவில்லை. பிழைப்பு நாடிக் குடும்பத்தார் சென்ற கோலார் தங்கவயலில் சில காலம் இருந்தார். பின்னர், சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து ஞான நூல்களைக் கற்றுத் துறவு பூண்டார். 1910-இல் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று ஏங்கிய நந்தனாருக்கு நாளைப்போவார் என்பதே திருநாமமாயிற்று. அவர் மரபில் வந்த சிறார்க்கு அந்நாளில் பள்ளிக்கூடமும் நாளைக்குரிய பொருளாகவே இருந்தது. அதனை இன்றைக்குரியதாக்க முனைந்தார் சகஜானந்தர். 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிப் பள்ளி நடத்தினார். கூலிக்கு உழைக்கும் ஏழையின் பிள்ளைக்கு உணவும் உறைவிடமுமின்றிப் படிப்பில்லை. ஆதலின் விடுதியும் அமைந்தது.

பள்ளி தோன்றிப் பத்தாண்டு கழிந்த பின்னரே, 1926-இல், அவர் சென்னைச் சட்டசபையில் இடம்பெற்றார். சொத்துடையோர்க்கும் வரி செலுத்துவோர்க்குமே பெரும்பாலும் வாக்குரிமை இருந்த காலம் அது. அவர் யாருக்காகப் பேசினாரோ, அம்மக்களிற் பெரும்பாலோர்க்கு வாக்கே இல்லை. வயது வந்தோர் யாவரும் வாக்களித்த 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலும், பின்னர் 1957-இலும், சிதம்பரம் தொகுதியார் அவரைத் தேர்ந்தெடுத்தனர். 1959 மே முதல் நாள் அவர் மறைந்தார். நந்தனார் பெயரிய பள்ளிகள் சிதம்பரத்தில் இன்றும் நடைபெறுகின்றன.

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்டிர்க்கும் இடங்களை ஒதுக்கிற்று. அஃது அவரனையோர் உழைப்பின் பயன் எனலாம். ஆயினும் 2020-இல், அவர் பணியாற்றிய சிதம்பரத்தை அடுத்த ஓர் ஊராட்சியிலேயே, பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர நேர்ந்த செய்தி வெளிவந்து நாட்டைத் தலைகுனியச் செய்தது. சட்டம் நாற்காலியை அளித்தது. அதில் அமரும் மதிப்பை ஊரார் அளிக்கவில்லை. அம்மதிப்பைத் தேடியே சுவாமிகள் பள்ளியைத் தொடங்கினார்.

ரிஷிவந்தியத்து வாக்காளர்க்கு நாம் கூறுவது இதுவே. ஆசிரியர் ஒருவரோ, ஏழைமக்கள்பால் பரிவுடைய தொண்டர் ஒருவரோ ஊராட்சிக்கு நின்றால், அவர் எவ்வகுப்பினர் என்று வினவற்க. எத்தனை பிள்ளைகளைப் பள்ளிவாயிலில் சேர்த்தார் என வினவுக. அவ்வாறு தேர்ந்தெடுத்தபின், அவருக்குரிய நாற்காலியில் அவரை அமரச் செய்தலும் உங்கள் கடமையே.